முதல் வெள்ளி ஊமை

என் அருமைத் திரேசக்கா,

உன் கல்லறைக்கு வந்து நேரிலேயே சொல்லிவிட நினைத்தேன். அங்கேயும் வாய் எழவில்லை. துறைமுக அலுவலகத்தில் குறிப்பு எழுதியே காலம் கழித்தவன் நான். ஆகவே சொல்ல வேண்டியதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. நீ விட்டுப்போன வேலையை நான் செய்துவருகிறேன்.
2. வழியில் பேசக்கூடாது என்று நான் சொன்னதே சரி. நீ செய்தது தவறு.
3. மேற்படி விஷயத்தில் எனக்கு நேர்ந்த ஒரு வெட்கக்கேடு.

முதலாவது எளிது. "என் நோயாளிங்கள வுட்டுடாதடா" என்று படுக்கையில் கிடந்தபடி சொன்னாயே, விடவில்லை. மாதத்தின் முதல் வெள்ளிதோறும் காலைப் பூசை முடிந்ததும், கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கென, பங்குச் சாமியார் உன் வெள்ளிச் சிமிழில் நற்கருணையை, ஆண்டவரின் உடலாகிய அப்பத்தை, வைத்துக் கொடுப்பார். அதைக் கழுத்தில் மாட்டி, சட்டைக்குள் விட்டுக்கொண்டு, ராயபுரத்தில் ஷேர் ஆட்டோ ஏறுகிறேன். எண்ணூர் வரைக்கும் கன்டெய்னர் லாரிகள் உன் காலத்தில் நின்றது போலவேதான் நிற்கின்றன. உன் நோயாளிகளில் சிலர் இப்போது உன் பக்கம் வந்துவிட்டார்கள். எண்ணூர் தாமஸ் அண்ணன் மட்டும் இன்னும் கட்டிலில் இருக்கிறார். நான் உள்ளே நுழைந்ததும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார், நீயும் வருகிறாயா என்று.

இரண்டாவது, நம் பழைய சண்டை. நெஞ்சில் ஆண்டவரைச் சுமந்துகொண்டே நீ டிரைவரிடம் பேசுவாய், டீக்கடைக்காரரிடம் பேசுவாய், எவளோ ஒருத்தியின் மாமியார் கதையைக் கேட்டுச் சிரிப்பாய். மௌனமாகப் போக வேண்டும் என்பது ஒழுங்கல்லவா என்று கேட்டேன். அதற்கு நீ சொன்னது எனக்கு மனப்பாடம்.

"டேய், தந்தை தன்ன முழுசா மகனுக்குக் குடுக்கிறாரு. மகன் முழுசா திருப்பிக் குடுக்கிறாரு. அந்த அன்புதான் ஆவியானவரு. அந்த வூட்டுக்குள்ள நம்மளையும் கூப்பிட்டு உக்கார வச்சிகிறாங்க. நீ அங்க போயும் வாயப் பொத்திகினு மூலைல குந்திகினு இருப்பியா?"

நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூவொரு கடவுளோடு ஒன்றாவது என்றால் வெளிக்கதவை அடைப்பது என்றுதான் நினைத்தேன். கண்ணைத் தாழ்த்தி, வாயை மூடி உட்கார்ந்தால் அந்த நெரிசலிலும் எனக்குள் ஓர் அறை திறந்தது போல இருக்கும். அது பொய்யல்ல அக்கா. ஆனால் அந்த அறையில் யார் இருந்தார்கள்? அந்த மூவருமா, நான் மட்டுமா?

இனி மூன்றாவது. காசிமேட்டில் மீன் எடுத்து, ராயபுரத்துக்கு வந்து வண்டி ஏறி, எண்ணூரில் விற்கப்போகும் அஞ்சலை என்ற பெண் ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பெருசு, மணி இன்னா ஆவுது?" என்றாள். சிமிழ் நெஞ்சில் இருந்ததால் கைக்கடிகாரத்தைக் காட்டினேன். "எங்க போற?" என்றாள். வடக்கே கையைக் காட்டினேன். அவள் முகம் சட்டென்று இளகியது.

நான் இறங்கும் இடம் வந்ததும் கம்பியைத் தட்டினேன். "யோவ் டிரைவரு, ஓரமா நிறுத்துயா! பெருசுக்கு வாய் பேச வராது, பாவம்" என்று கத்தினாள்.

"உன் பக்கத்துல குந்துனா எவனுக்குத்தாம்மா பேச சான்ஸு கெடைக்கும்?" என்றார் டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. இறங்கி வந்து, லாரிகளுக்கு நடுவே என் கையைப் பிடித்துச் சாலை கடத்திவிட்டாள். அடுத்த முதல் வெள்ளியில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். அதற்கடுத்த முறையும்.

அதுவரைக்கும் ஒழுங்கு என்று சொல்லிக்கொள்ளலாம். பிறகு ஒரு சனிக்கிழமை காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனேன். "இன்னா பெருசு, இந்தப் பக்கம்!" என்று அவள் குரல் கேட்டது. நான் விரலை மடக்கி ஜாடை காட்டினேன். மீன்காரியிடம் எனக்காக அவளே பேரம் பேசினாள். "வாயில்லாதவன் வயித்துல அடிக்காத, இன்னும் ரெண்டு போடு" என்று சண்டை பிடித்தாள். அந்த மீனை நான் வாங்கி வந்தேன், சமைத்தேன், தின்றேன்.

அன்று என் நெஞ்சில் சிமிழ் இல்லை, அக்கா.

போன முதல் வெள்ளி அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். திருவொற்றியூர் தாண்டி வண்டி நின்றுவிட்டது. லாரி டயர்களைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "எம் பொண்ணுக்கு ஏழாம் மாசம். வயித்துலயே போய்ட்சி, பெருசு. ஒரு வாய் சோறு துன்ன மாட்டேன்றா. வூட்ல நான் அழுதா அவ ஒடஞ்சிடுவா. நீதான் யாராண்டயும் சொல்ல மாட்ட."

நான் சட்டைக்கு மேல் சிமிழைப் பிடித்துக்கொண்டேன். பேச ஒரு வார்த்தையாவது இல்லாமல் போகுமா? இருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் இத்தனை மாதப் பொய்யும் வெளியே வந்துவிடுமே. அந்த நேரத்திலும் நான் என் மானத்தைத்தான் பார்த்தேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் முழங்கையைத் தட்டினாள். "உனக்கு வாய் இருந்தா எதுனா சொல்லிகிற மாட்டியா? வுடு, நீ ஒண்ணும் ஃபீல் பண்ணாத."

அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

தாமஸ் அண்ணன் வீட்டில் சிமிழை மேசையில் வைத்துவிட்டுச் சிலுவை அடையாளம் போடத் தொடங்கினேன். பிதா, சுதன் என்றேன். குரல் கணீரென்று வந்தது. அவ்வளவு நல்ல குரலை அவளுக்கு ஒரு சொல்கூடத் தராமல் பூட்டிக்கொண்டு வந்திருக்கிறேனே என்று கை நெற்றியிலிருந்து நெஞ்சுக்கு வந்ததும் நின்றுவிட்டது. "இன்னாப்பா, மறந்துட்டியா?" என்றார் அண்ணன். மறக்கவில்லை. தன்னையே முழுசாகக் கொடுத்துக்கொள்கிறவர்களின் பெயர் அது. கொடுக்காத வாயால் அதை எப்படிச் சொல்லி முடிப்பது?

இதை நம் கோயிலின் பங்கு மடலில் போடச் சொல்லிக் கொடுக்கிறேன். உன்னிடம் மறைக்கல்வி படித்தவர்கள் எல்லோரும் படிப்பார்கள். அஞ்சலை படிக்க மாட்டாள் என்ற தைரியமும் எனக்கு இருக்கிறது. அதுவும் கோழைத்தனம்தான்.

நாளை முதல் வெள்ளி. அவளிடம் என்ன சொல்வது என்று ஒரு குறிப்பு எழுதினேன், கிழித்துவிட்டேன். திரும்பி வரும்போது சொல்லலாம், அப்போது சிமிழ் காலியாக இருக்கும் என்றும் ஒரு யோசனை வந்தது. வேண்டாம். அவள் எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். உட்கார்ந்ததும், ஆண்டவர் நெஞ்சில் இருக்கும்போதே, "உன் பொண்ணு எப்படிம்மா இருக்கா?" என்று கேட்பேன். அவள் என்னைத் திட்டலாம். வண்டியிலிருந்தே இறக்கிவிடலாம். கேட்பேன், அக்கா. உனக்குக் கொடுக்கும் வாக்கு இது.

மேலே உள்ள இரண்டாவது குறிப்பு தவறு.

வாய் திறக்கப் போகும்
உன் தம்பி