ரேடியோ சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பேசுங்கள்

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

'என்னங்க' என்று கூப்பிட்டால் நீங்கள் திரும்புவதே இல்லை. அதனால்தான் இந்த மரியாதை.

தினமும் காலையில் வானொலியில் ஊருக்கே புத்தி சொல்கிறீர்கள். சாப்பிடும்போது போனைத் தொடாதீர்கள், வீட்டாரோடு சிரித்துப் பேசுங்கள், எதையும் மனத்தில் பூட்டி வைக்காதீர்கள். கேட்கிறவர்கள் உருகிப்போகிறார்கள். நம் வீட்டில் நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவதும், நான் வாயைத் திறந்தால் 'அப்புறம்' என்று கையைக் காட்டுவதும் அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

நேற்று உங்கள் நிகழ்ச்சியில் ஒரு பெண் பேசினாள். தூக்கமே வருவதில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றாள்.

"ரேடியோ சத்தத்தக் கொஞ்சம் குறைச்சுட்டுப் பேசுங்கம்மா" என்றீர்கள். குறைத்தாள்.

"வீட்டுக்காரர்கிட்ட மனசு விட்டுப் பேசினீங்களா?"

"அவர் காது குடுத்துக் கேக்கறதே இல்ல, டாக்டர்."

"அப்படிப்பட்ட ஆளுக்காக ஏம்மா உடம்பக் கெடுத்துக்கறீங்க? கொஞ்ச நாள் அக்கா, தங்கச்சி வீட்டுல போய் நிம்மதியாத் தூங்குங்க."

அடேயப்பா, என்ன கனிவு! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் குரலை நான் இந்த வீட்டில் கேட்டதில்லை.

டாக்டர் பேச்சைத் தட்டக்கூடாது. அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மேஜையில் இருக்கிறது. போனைப் பார்த்துக்கொண்டே தாராளமாகச் சாப்பிடுங்கள். இனி யாருக்கும் கையைக் காட்ட வேண்டியதில்லை.

நம் சமையலறையில் நின்றுதான் பேசினேன். நம் வீட்டுக் குக்கர் விசில்கூட உங்கள் காதில் விழுந்திருக்கும்.

இப்படிக்கு,
நேற்று உங்களிடம் பேசிய நேயர்