கோமதிக்குக் குறைத்த மூன்று மார்க்

டிச. 9, செவ்வாய்

காலையிலிருந்து பிசுபிசுவென்று மழை. குற்றாலம் மலையே தெரியவில்லை. என் மூன்றாம் வகுப்பில் இருபத்தாறில் பத்தொன்பது பேர்தான் வரவு. பாதிப் பேருக்கு மூக்கு ஒழுகல்.

மதியம் கதை சொல்லும் போட்டி. சொந்த அனுபவமாக இருக்க வேண்டும். ஜெயிக்கிற பிள்ளை சனிக்கிழமை ஆலங்குளம் போட்டிக்குப் போகும். நடுவர்கள் எச்.எம்., ஜெயா டீச்சர், நான். கோமதியும் பேர் கொடுத்திருந்தாள். பெற்ற மகள் நம் வகுப்பிலேயே படிப்பது எவ்வளவு தர்மசங்கடம்! பள்ளி கேட்டைத் தாண்டினால் நான் டீச்சர், வீட்டில்தான் அம்மா. இது எங்களுக்குள் ஒப்பந்தம்.

அப்பா லீவு முடிந்து பட்டாளத்துக்கு ரயில் ஏறிய கதையைச் சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள். இருபதுக்குப் பதினேழு போட்டேன். பிறகு அடித்துப் பதினான்கு. அந்த மூன்று மார்க்கில் முத்துலட்சுமி முதலிடம். ‘டீச்சர் மகளுக்குத்தான் கொடுப்பாங்க’ என்று யாரும் வாய் திறக்கக் கூடாதே. நியாயமாக நடந்துகொண்டேன் என்று ஒரு நிம்மதி.

ராத்திரி கோமு இரண்டு தோசையோடு எழுந்துவிட்டாள்.

வாங்க: விக்ஸ், துவரம்பருப்பு, கோமுவுக்கு ரிப்பன்.

டிச. 11, வியாழன்

பனி. கோமுவின் ஸ்வெட்டர் கை குட்டையாகிவிட்டது.

ஜெயா டீச்சருக்கு வாயில் எதுவும் தங்காது. சத்துணவு வரிசையில் நின்ற கோமுவிடம், “ஏட்டி, நானும் சாரும் ஒனக்குப் பதினெட்டு போட்டோம். ஒங்கம்மதான் கொறச்சிட்டாவ” என்றிருக்கிறாள். அதை என்னிடமே வந்து வேறு சொல்கிறாள். “பிள்ள மொகம் வாடிக் கெடந்துச்சு, தேத்துவோம்னுதான் சொன்னேன் டீச்சர்.” நன்றாகத் தேற்றினாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் கோமு கேட்டாள்: “தண்ணி குடிக்கட்டுமா டீச்சர்?”

விளையாட்டு என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

டிச. 13, சனி

முத்துலட்சுமியோடு ஆலங்குளம். பஸ்ஸில் நல்ல கூட்டம். மேடை ஏறியதும் பாதிக் கதையில் பிள்ளைக்கு மறந்துவிட்டது. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது. திரும்பும்போது, “டீச்சர், கோமதி வந்திருந்தா முழுசாச் சொல்லியிருப்பால்லா?” என்று கேட்டது. தலையைத் தடவிக் கொடுத்தேன். ஒரு பிள்ளையைக் கெடுத்தது போதாதென்று இன்னொன்று.

டிச. 18, வியாழன்

மார்கழி மூன்று. ஐந்து மணிக்குக் கோயில் ஒலிபெருக்கி. கோலம் போட்டேன். கலர்ப்பொடி தூவ ஓடி வருகிறவள், இந்த வருஷம் போர்வைக்குள்ளேயே.

செங்கோட்டை நாத்தனாருக்கு ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். ஞாயிறு போய்ப் பார்க்க வேண்டும்.

அரையாண்டுத் தமிழ்த் தேர்வு. ‘அம்மா பற்றி ஐந்து வரி.’ கோமு நான்குதான் எழுதியிருக்கிறாள். ஆசிரியராக இருக்கிறார். சேலை கட்டுவார். நன்றாகச் சமைப்பார். பேனா சிவப்பு. அந்தத் தாளைத் திருத்தக் கை வரவில்லை. ஜெயா டீச்சரிடம் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் ஒரு வாரமாக டீச்சர்தான். “சாப்பிட்டுட்டேன் டீச்சர். சடை போடுங்க டீச்சர்.” முன்பெல்லாம் ‘ஏம்மா, நீ வா’தான்.

டிச. 27, சனி

லீவு. கோமுவைச் சமாதானம் செய்ய ஐந்தருவி. வழியெல்லாம் ஐயப்ப பக்தர்கள். தண்ணீர் அதிகம், குளிக்கத் தடை. நேந்திரம் சிப்ஸ் சூடாக ஒரு பொட்டலம் வாங்கி, கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில் நின்றோம்.

மன்னிப்புக் கேட்டே விட்டேன். “தப்புத்தான் கோமு. மகளுக்குக் கொடுத்துட்டான்னு சொல்லுவாங்கன்னு பயந்துட்டேன்.”

“அதுக்கில்ல” என்றாள். “கொழாயத் தொறந்துவிட்டுட்டு நீங்க அழுதீங்கள்லா, அதச் சொன்னேன். அப்பத்தான் நீங்க மார்க்க அடிச்சீங்க. நான் பாத்தேன்.”

ஆமாம். அதுதான். 9ஆம் தேதி இங்கே எழுதியது பொய். ரயில் போகும்வரை சிரித்தபடி கையாட்டினேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இவள் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறாள். அதை எச்.எம். முன்னால், அத்தனை பிள்ளைகள் முன்னால் சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அந்தக் கூச்சத்துக்குத்தான் மூன்று மார்க். அதற்கு நியாயம் என்று பேர் வைத்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

“சொன்னது தப்பா?” என்று கேட்டாள்.

“தப்பில்ல” என்றேன். அருவிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் பஸ் வந்துவிட்டது, ஓடினோம்.

ஜன. 4, ஞாயிறு

வெயில், அப்பாடா. நாளை பள்ளி. நோட்டுக்கு அட்டை போட்டாயிற்று. ரிப்பன் இன்னும் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமையிலிருந்து மறுபடி ‘அம்மா’. ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் போய்விடுமோ என்று பயம்.

மத்தியானம் அவர் வீடியோ காலில். காதை மூடிய குல்லாய், பின்னால் பனி. பொங்கலுக்கு லீவு இல்லையாம். “சரி, பரவால்ல” என்று சிரித்தேன். “போட்டியில சொன்ன கதைய எனக்குச் சொல்லுட்டி” என்று மகளைக் கேட்டார். கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னாள். ஸ்டேஷன், சமோசா, பச்சை விளக்கு, ஜன்னலில் அப்பா கை. “அப்பா போனதும் நானும் அம்மாவும் சிரிச்சிக்கிட்டே வீட்டுக்கு வந்தோம். நன்றி, வணக்கம்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாம்ப்பா.”

கைதட்டினார். போனை வைத்ததும், யூனிபாரத்தை மடித்துக்கொண்டே கேட்டேன், மிச்சத்தை ஏன் சொல்லவில்லை என்று.

கோபமே இல்லாமல் சொன்னாள்: “அதச் சொன்னா மார்க் கொறஞ்சிரும்லாம்மா.”