படகுக் கல்லும் சிவப்பு நம்பரும்

மாமி,

காலையிலிருந்து பெயின்ட் வாசனை. இட்லிப் பானையைத் திறந்தாலும் அதுதான் வருகிறது. கதவுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு நம்பர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்னும் காயவில்லை. தொட்ட விரலைப் புடவையில் துடைத்தேன், போகவில்லை. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

நீங்கள் மயிலாப்பூரிலிருந்து எங்கள் சைதாப்பேட்டை ஆற்றங்கரைக்கு முதலில் வந்த நாள் நினைவிருக்கிறது. கஞ்சி போட்ட புடவை, காலில் ஓட்டக்காரர்கள் போடுகிற ஷூ, கையில் போன். அதையே பார்த்துக்கொண்டு என் இட்லிக் கடையைத் தாண்டிப் போனீர்கள், திரும்பினீர்கள், மறுபடி போனீர்கள். எதிர்வீட்டுக் கன்னியம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா மாமி, கம்மல் தொலைஞ்சிச்சா?"

"தொலைக்கலைடி. யாரோ ஒளிச்சு வெச்ச டப்பாவைத் தேடிண்டிருக்கேன்."

"பாவம், நல்ல குடும்பமாத்தான் கீது" என்று என் காதில் சொன்னாள்.

அப்புறம் என் கடையில் உட்கார்ந்து, சட்னி காரம் என்று தண்ணீர் குடித்துக்கொண்டே விளக்கினீர்கள். சின்ன டப்பாவை எங்கேயாவது ஒளித்துவிட்டு, இடத்தைப் போனில் போட்டுவிடுவார்களாம். முன்பின் தெரியாதவர் தேடி வந்து, உள்ளே இருக்கும் சீட்டில் பேர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போக வேண்டுமாம். "டப்பா சும்மா சாக்குடி வள்ளி. அதைத் தேடி வந்தா, அங்க இருக்கறவா அந்த எடத்தோட கதையைச் சொல்லுவா" என்பீர்கள்.

அப்படித்தான் எங்கள் படகுக் கல்லைப் பிடித்தீர்கள். பாலம் வருமுன் அக்கரைப் படகைக் கட்டிய கல் என்று கன்னியம்மாவின் மாமனார் சொல்வார். நாங்கள் அதற்கு மஞ்சள் பூசிக் கும்பிட்டோம். கயிறு தேய்த்த பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தவர் நீங்கள்தான்.

ஆனால் அங்கே உங்கள் டப்பா ஒன்றை வைக்க உங்களுக்கு மனசு வரவில்லை. கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களா மதிலில் வைத்தீர்களாம், பங்களாவே போயிற்று. நொச்சிக்குப்பத்தில் வலைக் கொட்டகையில் வைத்தீர்களாம், அதுவும் இல்லை. "நான் வெச்ச எடமெல்லாம் காணாமப் போறதுடி. பயமா இருக்கு."

கன்னியம்மா சண்டைக்கே வந்துவிட்டாள். "பங்களாவாண்ட வெப்ப, எங்க கல்லுன்னா மட்டமா? வெய்யி மாமி!"

வைத்தீர்கள். அதற்கப்புறம் எங்கள் சந்துக்கும் ஆட்கள் வந்தார்கள். போனைப் பார்த்து முழிக்கிற முகம் தெரிந்தாலே போதும், தெருவே கூவும். "அந்தாண்ட போ நைனா! கிட்ட வந்துட்ட, குனி, குனி!" நான் டீ கொடுப்பேன், கன்னியம்மா கல்லின் கதை சொல்வாள். ஒவ்வொரு தடவையும் படகு கொஞ்சம் பெரிதாகும்.

மழைக்காலத்தில் ஜுரம் என்று படுத்தீர்கள். அப்புறம் எழுந்திருக்கவேயில்லை.

போன வாரம் சில பேர் வந்தார்கள். கையில் போன், அதே முழி. "பொட்டி தேடறீங்களா நைனா? வாங்க, நான் காட்டறேன்" என்று கன்னியம்மா முன்னால் நடந்தாள். ஆற்றோரம் எத்தனை வீடு, எது எங்கே முடிகிறது, பின்பக்கம் எந்தச் சந்து வழியாக வண்டி வரும், எல்லாம் காட்டினாள். நான் டீ கொடுத்தேன். கல்லை அவர்கள் திரும்பியும் பார்க்கவில்லை. சீட்டில் பேர் எழுதாமல் போனபோதே, வீடுகளைக் கணக்கெடுக்க வந்தவர்கள் என்று எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

மேல்கரைக் குடிசைகளில் இப்படித்தான் நம்பர் எழுதினார்கள். பிறகு லாரி வந்தது. இப்போது அந்த ஜனம் ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் இருக்கிறது. கன்னியம்மா காலையிலிருந்து கதவைத் திறக்கவில்லை.

கல்லுக்குப் பின்னாலிருந்து உங்கள் டப்பாவை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். மதியம் ஒரு பெண் வந்தாள். கையில் போன். சந்தில் ஒரு கதவும் திறக்கவில்லை, ஒரு குரலும் இல்லை. நானும் இட்லித் தட்டைத் தேய்த்துக்கொண்டே பார்த்தேன். கல்லுக்குப் பின்னால் துழாவித் துழாவிப் பார்த்தாள். பிறகு அந்தப் பள்ளத்தில் விரலை விட்டாள், மாமி, உங்களைப் போலவே.

"உக்காரும்மா" என்றேன். டீ கொடுத்தேன். படகுக் கதையைச் சொன்னேன். கன்னியம்மா சொல்கிற பெரிய படகையே சொன்னேன். டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். சீட்டில் பேர் எழுதிவிட்டு, என்னிடமே திருப்பி நீட்டினாள்.

"இருந்த இடத்துலயே வெச்சிடுங்கக்கா." அப்போதுதான் சுவரைப் பார்த்தாள். "இது என்னக்கா நம்பர்?"

"அதுவும் தேடி வர்றவங்களுக்குத்தாம்மா."

அவள் போய்விட்டாள். டப்பா இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது.