வேலி மூலை மண்

22.10.1996, மாலை

அப்பா, ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். மாலை வகுப்பில் பரிசோதித்துக் காட்ட வேண்டிய மண்ணை நம் சோளக்காட்டின் நடுவில் எடுக்காமல், சோளம் செழித்த வேலி மூலையில் எடுத்தேன். ஓர் அங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகுமாம். அந்த மூலை மட்டும் மூன்றே வருடத்தில் கருத்து, புழு நெளிகிறது.

ஊறுகாய் பாட்டிலில் நீரூற்றிக் குலுக்கினேன். மண்கட்டி கரைந்ததும், மூன்று வருடத்துக்கு முன் நம் கன்றுக்கு நான் கட்டிய கழுத்துமணி உள்ளே ஒலித்தது. தொழுவத்தில் அதன் தாய் திரும்பிக் கத்தியது.

கன்று எங்கே என்று அன்று கேட்டபோது, “பொள்ளாச்சி சந்தையில வித்துப்போட்டேன் கண்ணு” என்றீர்கள். அதற்காகத்தான் மூன்று வருடமாக உங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. செத்துவிட்டது என்றே சொல்லியிருக்கலாம்.

சோறும் கொள்ளுப்பருப்பும் அடுப்படியில்.

பி.கு.: பாட்டிலைத் தொடாதீர்கள். யாரும் தொடாமலே ஒருமுறை ஒலித்தது. என் காதின் தவறோ என்னவோ. மாடு இன்னும் கத்துகிறது.

நாளை காலை மண்ணையும் மணியையும் அதே குழியில் போட வேண்டும். நீங்களும் வாருங்கள்.

பிரியா