முப்பத்தேழு கட்டைவிரல்

நெல்லிவாசல் மலை,
சுபானு வருஷம், பங்குனி மாதம் 9ந் தேதி

பட்டாளத்தில் இருக்கும் என் மகன் சின்னராசுக்கு உன் அப்பன் முனியன் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் பெண்சாதியும் குழந்தையும் ஒரு குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் இந்த வீட்டில் சோறு தொண்டையில் இறங்கும். சிவப்புப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி மாசியோடு விட்டது. குழந்தைக்கு நாலு பல் வந்துவிட்டது, மடியில் வைத்தால் என் கட்டைவிரலைத்தான் பிடித்துக் கடிக்கிறது, கடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன், அந்த விரலுக்கு அது வேண்டியதுதான், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

தை மாதம் வந்த உன் கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தாய். நீ மூங்கில் வெட்டி வந்து நாலு வருஷம் பாடம் நடத்திய பள்ளிக்கூடத்தை, நீ பட்டாளத்துக்குப் போன மூன்றாம் மாதமே மூடியது யார், யார் யார் அதற்குக் கை வைத்தார்கள், ஒரு பெயர் விடாமல் எழுதச் சொல்லியிருந்தாய். இரண்டு மாதமாக நான் பதில் போடவில்லை. மறந்து அல்ல. நீ பிறப்பதற்கு முந்தின வருஷம் என் ஏர்க்காலை ஒடித்தவன் யார், அன்றைக்கு அவன் தலையில் எந்தத் துண்டு கட்டியிருந்தான் என்பது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பழி தீர்க்காமல் உனக்குப் பதில் சொல்லக் கூடாது என்று இருந்தேன். இப்போது முக்கால்வாசி தீர்ந்தது, அதனால் சொல்கிறேன்.

போன வைகாசி, மழை விட்ட செவ்வாய்க்கிழமை. கடுக்காய்க் குத்தகைக்காரனுக்கு மலையில் ஆள் பிடித்துக் கொடுக்கிறானே நம் கீழ்வீட்டுத் தாண்டவராயன், அவன் குத்தகைக்காரனின் எழுத்துக்காரனோடு ஒரு காகிதத்தையும் மசிப் பெட்டியையும் கொண்டுவந்தான். பலாமரத்தடியில் நின்று கூப்பிட்டான், "மண்ணெண்ணெ வர்து, உப்பு வர்து, வூட்டுக்கு ஒரு வெரலு வெச்சாப் போதும், வாங்க, வாங்க" என்று. யுத்தத்தில் மண்ணெண்ணெய் கண்ணில் பட்டு எத்தனை நாள் ஆயிற்று, ஓடினோம். மூன்று ஊர், முப்பத்தேழு வீடு, முப்பத்தேழு கட்டைவிரல். முதல் விரல் தாண்டவராயனுடையது. இரண்டாவது விரல் உன் அப்பனுடையது. இதோ சொல்லிவிட்டேன். உன் பள்ளிக்கூடத்தை மூடிய கையில் என் கையும் உண்டு.

மண்ணெண்ணெயும் வரவில்லை, உப்பும் வரவில்லை. ஆனி மாதம் ஆபீசிலிருந்து ஆள் வந்து பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டான். கேட்டதற்கு, நீங்கள்தானே பள்ளிக்கூடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தீர்கள் என்றான். பட்டாளத்துக்குப் பூட்ஸ் வேண்டும், பூட்ஸுக்குத் தோல் பதனிட வேண்டும், தோலுக்குக் கடுக்காய் வேண்டும், கடுக்காய் பொறுக்கப் பிள்ளைகளின் கை வேண்டும், இவ்வளவுதான் சங்கதி. மார்கழி பிறந்ததும் நீ கட்டிய கூரைக்கு அடியிலேயே கடுக்காய் மூட்டையை அடுக்கினான் தாண்டவராயன், பாவி. உன் காலில் இருக்கிற பூட்ஸுக்காகத்தான் உன் பள்ளிக்கூடம் போயிற்று என்று நினைத்தால் என் வயிறு எரிகிறது, ஆனாலும் நீ அதைக் கழற்றாதே, அந்தப் பக்கம் அட்டை அதிகம் என்கிறார்கள்.

ஆனியில் பூட்டு விழுந்த அன்றைக்கு அவன் வைக்கோல் போரைக் கொளுத்த நான் கொள்ளியை எடுத்தது உண்மை. உன் இடத்துக்கு வந்த கிருபாவதி டீச்சரம்மா வழியில் குறுக்கே நின்றுவிட்டாள். கணியம்பாடிப் பக்கத்து மனுஷி, சம்பளம் நின்றுபோன பிறகும் மலையை விட்டு இறங்கவில்லை. "போரைக் கொளுத்துனா அவன் மாடுதான் பட்டினி கெடக்கும், மாடா கடுதாசி எழுதுச்சி?" என்று கேட்டாள். அன்றைக்கே மூன்று ஊரும் கூடினோம். அவளுக்கு நாளுக்கு ஒரு வீட்டில் சாமைச் சோறு என்று முறை வைத்தோம். பள்ளிக்கூடம் இன்றைக்கு உரல்பாறை, நாளைக்கு மாட்டுப்பட்டி, மறுநாள் சாமிக்கல் என்று நடந்துகொண்டே இருந்தது, குத்தகைக்காரனின் ஆள் ஓர் இடத்துக்கு வந்தால் அது வேறோர் இடத்துக்குப் போயிருக்கும். பலகை கிடையாது, பாறையில் அடுப்புக் கரியால் எழுதினார்கள், மழை வந்து அழித்தால் மறுபடியும் எழுதினார்கள். கடுக்காய்க் காலத்தில் பிள்ளைகள் பொறுக்கப் போனபோது டீச்சரம்மாளும் கூடை எடுத்துக்கொண்டு கூடவே போனாள், குனிந்துகொண்டே வாய்பாடு சொல்லிக் கொடுத்தாள். உப்பில்லாமல் களி தின்ற வருஷம் இது, ஆனாலும் ஒரு வீடும் முறை தவறவில்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பழியை நான் விடவில்லை. ஊர்க்கூட்டத்தில் நான்தான் எழுந்து சொன்னேன், தாண்டவராயன் வீட்டுக்கு ஒருவரும் நெருப்புக் கொடுக்கக் கூடாது, அவன் கொல்லைக்கு ஒருவரும் அறுக்கப் போகக் கூடாது என்று. தீப்பெட்டி கிடைக்காத காலத்தில் அடுத்த வீட்டு நெருப்புக் கங்கை நம்பித்தானே எல்லா அடுப்பும் எரிகிறது. அவன் பெண்சாதி ஓட்டில் கங்கு கேட்டு வீடு வீடாக நின்றாள். அவன் சாமை அறுக்க ஆளில்லாமல் குருவிக்குப் போயிற்று. எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். இதை எழுதுகிற கை இந்த இடத்தில் நின்றது, நிற்காதே, எழுது என்றேன்.

இதற்கு நடுவில், ஆடியில் ஒரு நாள் அவன் மகள், பன்னிரண்டு வயசுப் பெண், உரல்பாறைக்கு வந்து ஓரமாக உட்கார்ந்தாள். பெண்டுகள் விரட்டினார்கள். டீச்சரம்மா, "அது எழுந்துபோனா நானும் மூட்டை கட்டிக்கினு எறங்கிப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். இருக்கட்டும் என்றேன். மனசு இளகி அல்ல. எனக்கு ஒரு யோசனை வந்தது. எல்லாப் பிள்ளையையும்விட இவள் நன்றாகப் படிக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். மழை நாளில் என் கம்பளியைக் கொடுத்தேன், கரி தீர்ந்தால் என் அடுப்பிலிருந்து கொடுத்தேன், வாசித்துக் காட்டு, வாசித்துக் காட்டு என்று பின்னாலேயே நின்றேன். முனியனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று உன் அம்மாவே சொன்னாள்.

நாங்கள் டீச்சரம்மாளைக் கொண்டு எழுதிப் போட்ட நாலு மனுவுக்குப் பிறகு, மாசி பதினைந்தாம் தேதிதான் ஓர் அதிகாரி ஏறி வந்தார். பலாமரத்தடியில் நாற்காலி போட்டோம். அவர் தஸ்தாவேஜுக் கட்டிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து, "நீங்களே வேண்டாம் என்று விரல் வைத்திருக்கிறீர்களே, இப்போது வேண்டும் என்றால் எப்படி?" என்றார். நான் எழுந்து, "அதுல இன்னா எழுதியிருக்குதுன்னு இத்தினி நாளா எங்களுக்குத் தெரியாதுங்க, படிக்கச் சொல்லுங்க" என்றேன். அவர் குமாஸ்தா கை நீட்டினான். "அவுரு வேணாங்க, எங்க புள்ள படிக்கும்" என்று சொல்லித் தாண்டவராயன் மகளைக் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினேன். அவன் அங்கேதான், குத்தகைக்காரனின் ஆளோடு நின்றான். நான் காகிதத்தைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்பது மாதம் காத்திருந்தது அதற்குத்தானே.

பெண் தடங்கலில்லாமல் படித்தாள். "மலை ஜனங்களாகிய எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்து மண்டையில் ஏறாது, அவர்கள் காட்டு வேலைக்கே லாயக்கானவர்கள், ஆகையால் பள்ளிக்கூடத்தை எடுத்துவிடும்படி" என்கிற இடம் வந்ததும் நின்றாள். அப்பனை ஒரு தரம் பார்த்தாள். திரும்பவும் அதே வரியை முதலிலிருந்து, முன்னைவிட உரக்கப் படித்தாள். அந்த அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு பெயர்கள். தாண்டவராயன், கைநாட்டு. முனியன், கைநாட்டு. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான், என் பெயர் வந்ததும் தரையைப் பார்த்தேன்.

கூட்டம் கலைகிறபோது தாண்டவராயன் என்னிடம் வந்து, "பள்ளிக்கூடத்த மூடத்தான் எழுதறாங்கன்னு எனக்குத் தெரியும், மறைக்கல, ஆனா எம் பொண்ணு மண்டையப் பத்தி இப்படி எழுதியிருக்குதுன்னு தெரியாதுய்யா, எனக்கு மட்டும் படிக்கவா தெரியும்" என்றான். தெரிந்து செய்த பாதியே போதும் என்றேன். அதிகாரி அன்றைக்கே பூட்டைத் திறக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். கடுக்காய் மூட்டை அத்தனையும் அவன் ஒருத்தனாக முதுகில் சுமந்து வெளியே போட்டான், ஒருவரும் கை கொடுக்கவில்லை. பங்குனி முதல் தேதி உன் பள்ளிக்கூடம் திறந்தாயிற்று.

ஊர் அவனுக்கு நெருப்புக் கொடுக்கிறது, நான் கொடுக்கவில்லை. அந்தப் பெண் வந்து கேட்டால் மட்டும் கொடுக்கிறேன். இது உனக்குத்தான், உன் அப்பனுக்கு இல்லை என்று நேற்று சொன்னேன். அவள் ஓட்டில் கங்கை வாங்கிக்கொண்டு, "எங்க வூட்ல அடுப்பு ஒண்ணுதான தாத்தா இருக்குது" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதனால்தான் முக்கால்வாசி என்றேன்.

இதை எழுதுகிறவளும் அவள்தான். டீச்சரம்மா எழுதுகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். அப்பன் செய்ததை மகள் கையால் எழுதவைக்க வேண்டும் என்பது என் பழியில் கடைசி. பாவி என்று நான் சொன்ன இடத்தில், "இத்த அப்படியே எழுதட்டுமா தாத்தா?" என்று மட்டும் கேட்டாள், அப்படியே எழுதியிருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஈரத் துணியோடு படுக்காதே. பட்டாளத்தில் எந்தக் காகிதம் நீட்டினாலும் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. நம் மலைச்சாமியும் டீச்சரம்மாளின் சாமியும் சேர்ந்து உன்னைக் கொண்டுவந்து சேர்க்கட்டும், நீ நூறு வயசு இருக்க வேண்டும். பதில் சீக்கிரம் போடு. தாண்டவராயனைத் திட்ட வேண்டுமானால் தாராளமாகத் திட்டி எழுது, இவள் ஒரு வார்த்தை விடாமல் படிப்பாள். என் விரலைப் பற்றி உனக்கு ஏதாவது சொல்ல இருந்தால் அதையும் எழுது. அதையும் விடாமல் படிப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பன் முனியன்.
இதில் கைநாட்டு வைக்கவில்லை.

அவர் சொல்லச் சொல்ல எழுதியது:
தாண்டவராயன் மகள் செந்தாமரை, நெல்லிவாசல் பள்ளிக்கூடம்.