வயலினுக்குள் விழுந்த குச்சி

என் கோபக்காரிக்கு,

உன் அக்கா வீட்டில் எல்லோரும் நலம்தானே? இங்கே நானும் நலம் என்றே எழுதி வைக்கிறேன்.

ஒரு தப்பு செய்துவிட்டேன். நீ விட்டுப்போன வயலினில் தூசி படிந்திருந்தது. ஊரார் மேசை நாற்காலிக்கெல்லாம் பாலிஷ் போடுகிறவன் வீட்டில் ஒரு மரம் இப்படிக் கிடக்கலாமா என்று ரோஷம் வந்து, துடைக்க உட்கார்ந்தேன். துணி எல்லா இடத்துக்கும் போகட்டுமென்று நாலு கம்பியையும் ஒன்றாகக் கழற்றினேன். உள்ளே ‘டொக்’கென்று ஏதோ விழுந்தது.

ரிப்பேர்க்காரரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். தலையில் அடித்துக்கொண்டார்.

“நாலையும் ஒண்ணா யாராவது கழட்டுவாங்களா? உள்ள இருக்கிற குச்சிய ஒட்டுறதில்ல சார். கம்பி அழுத்துறதாலதான் நிக்குது.”

“நிறுத்திக் குடுத்துடுங்க.”

“நிறுத்தலாம். ஆனா அரை நூல் அளவு தள்ளி நின்னாலும் வயலின் குரல் மாறிடும். வாசிக்கிறவங்க வந்து வாசிச்சாதான் சரியான இடம் தெரியும்.”

“கேட்டுச் சொல்றேன்” என்று திரும்பி வந்துவிட்டேன்.

அன்று உன் வாசிப்பை இரைச்சல் என்றேனே. இப்போது அடுத்த தெருவில் கதவு சாத்தினாலும் எனக்குக் கேட்கிறது.

வயலின் பளபளவென்றுதான் இருக்கிறது. உன் தாடை பட்டுப்பட்டு வார்னிஷ் போன இடத்தில் மட்டும் நான் கை வைக்கவில்லை. பாலிஷ் போட்டால் அந்தத் தடம் மறைந்துவிடும்.

ரிப்பேர்க் கடை சனிக்கிழமையும் திறந்திருக்கும். அவசரம் எனக்கில்லை, வயலினுக்குத்தான்.

நீ வைத்த பெயரிலேயே,
பாலிஷ்காரன்