பூரணை தள்ளிப்போன வருடம்

மே 14, ஞாயிறு. வில்லரே

மழை. வெளிப்படியில் தண்ணீர் வழிகிறது. அரிசி முடிந்துவிட்டது, வாங்கப் போகவில்லை.

இன்றைக்குத் திகதி முடிவு செய்தே ஆக வேண்டும். தம்பி சுதன் விசா இல்லாமல் பிடிபட்டு பாங்கொக் தடுப்பு முகாமுக்குள் போய் மூன்றாவது வருடம். வார நாட்களில், காலையில் மட்டும் பார்க்க விடுவார்கள். அரச விடுமுறை என்றால் வாசல் பூட்டு. அந்த நாட்டுக்காரர் எதையெல்லாம் கொண்டாடுகிறார்களோ அதெல்லாம் எனக்குக் குறுக்கே நிற்கிறது.

எழுதிப் பார்த்தது:
மாக பூசை – மாசி, பங்குனியில் வரும். அப்போது எனக்கு லீவு இல்லை.
சொங்க்ரான் – நம்முடைய சித்திரை வருடப்பிறப்பு நாட்கள்தான். ஊரே தண்ணீர் எறிந்து விளையாடும். பூட்டு.
வெசாக் (புத்தர் பிறந்த பூரணை) – எங்கள் கலண்டரில் இந்த மாதத் தொடக்கத்தில் போய்விட்டது.
ஜூலை 28 – மன்னர் பிறந்தநாள். பூட்டு.
ஓகஸ்ட் 12 – அவர்களுடைய அன்னையர் தினம்.
டிசம்பர் – அவ்வளவு நாள் அவன் தாங்க மாட்டான்.

நான் சமைக்கிற கார்டெரி (பிள்ளைகள் காப்பகம்) கட்டடத் தொழிலாளர் விடுமுறையை ஒட்டி மூடும்போதுதான் எனக்கு லீவு. ஜூலை 27 மாலை வரை வேலை. 28 ஏறினால் மன்னர் பிறந்தநாள் ஆகாயத்திலேயே கழிந்துவிடும். 31 திங்கள் முதல் வியாழன் வரை தினமும் பார்க்கலாம், வெள்ளி திரும்பலாம். வெசாக்கிலிருந்து இரண்டாவது பூரணைக்கும் அங்கே பெரிய விடுமுறை. கடைக்காரர் தந்த போயா (பூரணை நாள்) கலண்டரில் எண்ணிப் பார்த்தேன். ஜூலைத் தொடக்கத்திலேயே வந்து போகிறது. நல்லது.

மேல்வீட்டு கார்த்திக் (கோயம்புத்தூர், கம்ப்யூட்டர் வேலை) கடிதப் பெட்டியடியில் பிடித்துக்கொண்டார். "தாய்லாந்தாக்கா? நவம்பர்ல போங்க. லோய் க்ரதோங்னு ஆத்துல விளக்கு விடுவாங்க, செம்மையா இருக்கும். நீங்க என்ன, பண்டிகை இல்லாத நாளாப் பார்த்துத் தேடறீங்க?"

கூட்டம் பிடிக்காது என்றேன்.

டிக்கெட் எடுத்தாயிற்று. மாற்ற முடியாத டிக்கெட். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஜூன் 25, ஞாயிறு

காட்டுத்தீப் புகை. ஜன்னல் எல்லாம் சாத்தி, வீடு வெந்துபோய்க் கிடக்கிறது. தொண்டை கரகரப்பு.

சுதன் யாருடையதோ தொலைபேசியில் எடுத்தான். இருமல். முதலில் அதுதான் கேட்டது.

"அக்கா, இனி ஏலா. கையெழுத்து வச்சிட்டுப் போறன்."

விரும்பி நாடு திரும்புகிறேன் என்று ஒரு தாள். கையெழுத்து வைத்தால் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கிருந்து மட்டக்களப்பு. அங்கே அவனுக்காக யார் காத்திருக்கிறார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இந்த வருட ஈஸ்டருக்குப் பிறகும் வீட்டுக்கு ஆட்கள் வந்து அவனைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் அவனுக்குச் சொல்லவில்லை.

"பொறு மனே. நான் வந்து கதைக்கிறன். ஜூலை முப்பத்தொண்டு, திங்கட்கிழமை காலமை வாசல்ல முதல் ஆளா நிப்பன்."

"சத்தியமா வாறயா?"

"சத்தியமா."

"அப்ப அதுவரைக்கும் வைக்கல்ல."

நேற்று இங்கே சென் ஜோன் திருவிழா, ஊர் முழுக்க விடுமுறை. யாரோ பின்சந்தில் இன்னும் மிச்ச வெடி கொளுத்துகிறார்கள், இந்தப் புகையிலும்.

ஜூலை 12, புதன்

வெக்கை. கார்டெரியில் வெள்ளரிக்காய் சாலட், ஒரு பிள்ளையும் தொடவில்லை.

பின்னேரம் கார்த்திக் படியில் நின்று கூப்பிட்டார். "அக்கா, நீங்க செம லக்கி! நீங்க போற நேரம் தாய்லாந்துல ஆறு நாள் தொடர் லீவு. ஊரே ஜாலியா இருக்கும்." தொலைபேசியை நீட்டிக் காட்டினார்.

வாசித்தேன். திரும்ப வாசித்தேன். இந்த வருடம் அவர்கள் தங்கள் சந்திரக் கலண்டரில் ஒரு மாதம் கூட்டியிருக்கிறார்கள். வெசாக்கே அங்கே ஜூனில்தானாம். அதனால் அந்தப் பெரிய பூரணை ஓகஸ்ட் 1, அடுத்த நாளும் விடுமுறை. நடுவில் தனியாக நின்ற திங்களையும் அரசாங்கம் சேர்த்துக் கொடுத்துவிட்டது. திங்கள், செவ்வாய், புதன் எல்லாம் பூட்டு. எனக்கு மிச்சம் வியாழன் ஒரு காலை.

பூரணை எல்லா இடத்திலும் ஒரே பூரணைதானே என்று இருந்துவிட்டேன். சிறு வயதிலிருந்து போயா பார்த்துப் பழகின திமிர். ஆரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மூதேவி, மூதேவி என்று என்னையே திட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். கார்த்திக் பயந்துபோய், "தண்ணி வேணுமாக்கா?" என்றார்.

ஜூலை 13, வியாழன்

பேய்மழை. மெட்ரோ வாசலில் வெள்ளம்.

கார்டெரிப் பொறுப்பாளர் டைரக்ட்ரிஸிடம், வேறு டிக்கெட் எடுத்தாவது ஒரு கிழமை முந்திப் போகலாமா என்று கேட்டேன். "தேசோலே, மன்னியுங்கள். உங்களுக்குப் பதிலாக யார் சமைப்பது?" அவவிலும் பிழை இல்லை. வெங்காயம் வெட்டப் போனேன். அழுவதற்கு வசதியான வேலை.

ஜூலை 20, வியாழன்

மேரி அக்கா எடுத்தா. திருகோணமலை ஆள், பாங்கொக்கில் கிழமைக்கொருதரம் முகாமுக்குப் போய் எங்கள் பிள்ளைகளைப் பார்க்கிறவ.

"சொல்லிட்டன் பிள்ளை. திங்கள் இல்ல, வியாழன் எண்டு. தலையாட்டினவன்."

"கால் வீக்கம் எண்டீங்க, இப்ப எப்பிடி அக்கா?"

"வந்து பாருங்கோவன்."

அந்தப் பதிலுக்குப் பிறகு நித்திரை இல்லை.

ஜூலை 27, வியாழன்

கடைசி நாள். பருப்பு சூப். பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. "பொன் வக்கான்ஸ்!" என்று விடுமுறை வாழ்த்துச் சொல்லிப் பிள்ளைகள் வரிசையாகக் கட்டிப்பிடித்தார்கள். ஒரு பிள்ளையின் தாய், கடற்கரை எப்படி என்று வந்து சொல்லச் சொன்னா.

பெட்டியில்: சொறிக் களிம்பு, பனடோல், உள்பெனியன், சவர்க்காரம், எள்ளுருண்டை. எதை உள்ளே விடுவார்களோ.

அவனை இங்கே அகதியாக எடுக்க நான் போட்ட கோப்பு பற்றி மின்னஞ்சல் வந்தது. இன்னும் வரிசையில்தான். எப்போது என்று சொல்ல முடியாதாம். இதை எப்படிச் சொல்வது? 'அடுத்த வருடம் கட்டாயம்' என்று சொல்வதாக முடிவு. பொய்தான். பொறு என்று சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஓகஸ்ட் 1, செவ்வாய். பாங்கொக்

புழுக்கம். மேரி அக்கா வீட்டு மின்விசிறி ஒரு பக்கம் மட்டும் திரும்பும்.

நேற்றுக் காலை, பூட்டு என்று தெரிந்தும் முகாம் வாசலுக்குப் போனேன். சத்தியம் பண்ணினேனே. காவலாளி கையை ஆட்டி விரட்டினான். எதிர்த் தெருவில் கொஞ்ச நேரம் நின்றேன். சுவர்தான் தெரிந்தது.

இன்று மாலை பக்கத்து விகாரையில் சனம் பூவும் மெழுகுதிரியும் ஊதுபத்தியுமாகச் சுற்றி வந்தது. ஒரு கிழவி என் கையிலும் ஒரு திரியைத் தந்தா. நானும் சுற்றினேன். வேண்டுதல் ஒன்றும் வரவில்லை. கோபம்தான் வந்தது. நிலவோடுகூடக் கோபம்.

ஓகஸ்ட் 5, சனி. வில்லரே

வந்து சேர்ந்தாயிற்று. பெட்டி கூடத்திலேயே கிடக்கிறது. பால் புளித்துவிட்டது.

வியாழனை எழுதிவிட வேண்டும்.

இரண்டு கம்பிவேலி. நடுவில் காவலாளி நடக்க ஒரு பாதை. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். விடுமுறைக்குப் பிறகு முதல் நாள் என்பதால் சந்தைக் கூட்டம், எல்லா மொழியிலும் கத்தல். நான் சுதனைத் தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு நேரே நின்ற வயதான ஆள் கையை உயர்த்தி ஆட்டியபோதுதான் அது அவன் என்று தெரிந்தது. அவனுக்கு முப்பத்தொரு வயது.

முன்பல் இல்லை. கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தது. நிற்க முடியாமல் வேலியைப் பிடித்துத் தொங்கினான். இருமினால் உடம்பு முழுக்க ஆடியது.

"அக்கா! கோப்பு என்ன மாதிரி?"

அடுத்த வருடம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். விமானத்தில் எத்தனை தரம் சொல்லிப் பார்த்த பொய். வரவில்லை.

"ஒண்டும் இல்ல மனே. ஒரு விடிவும் இல்ல."

அவன் மற்றக் கையாலும் வேலியைப் பிடித்துக்கொண்டான். பிறகு, "வீட்ட இன்னும் வாறாங்களா?"

"ஓம். ஈஸ்டருக்குப் பிறகும் வந்தவங்க."

தலையாட்டினான். அந்தக் கால்களைப் பார்த்தேன். இன்னொரு மழைகாலம் இதற்குள் இருந்தால் இவன் செத்துப்போவான். ஊருக்குப் போனால் ஒருவேளை சாக மாட்டான். அந்த 'ஒருவேளை' ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அவன் கையெழுத்து வைக்காமல் தடுப்பதற்காகவே பூமியின் மறுபக்கம் வந்தவள் நான்.

"கையெழுத்து வை," என்றேன்.

"என்ன? கேக்கல்ல அக்கா!" காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டான்.

பக்கத்தில் ஒரு பெண் தன் புருசனிடம் குழந்தையைத் தூக்கிக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு வாங்க நிறுத்தும்வரை பொறுத்திருந்தேன். பிறகு வேலியில் முகத்தை வைத்து, தொண்டை கிழியக் கத்தினேன்.